சாம்பிள் ஆல்பத்தைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

கல்யாணம் முடிந்து ஆல்பம் கைக்கு வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் சிலை மாதிரி நிற்கிறார்கள். பெண்ணின் அப்பா கண் கலங்கிய படம் ஒன்றுகூட இல்லை. போட்டோ எடுத்தவர்களைக் கேட்டால், "அந்த நேரம் லைட்டிங் சரியா இல்லைங்க" என்கிறார்கள். இப்படி ஏமாறுகிறவர்கள் நிறைய.

சாம்பிளில் காட்டும் படங்களில் பல, கல்யாணத்தில் எடுத்தவையே அல்ல. மாடல்களை நிறுத்தி, சாயும் வெயிலில் ஒரே போஸைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் தேறியவை. பின்னணியில் விருந்தாளி ஒருவர்கூட இல்லையா, உடையில் ஒரு கசங்கல்கூட இல்லையா, சந்தேகப்படுங்கள். பொறுக்கியெடுத்த இருபது படம் வேண்டாம். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். கேமராவைப் பார்க்காத முகங்கள் அதில் எத்தனை என்று எண்ணுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

லைட்டிங் சாக்குக்கு வருவோம். எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ 6400 (வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவு), ஷட்டர் 1/200 நொடி (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்). இது போதும், மங்கலான ஹாலிலும் பிளாஷ் இல்லாமல் முகம் பிடிபடும். கொஞ்சம் கிரெயின், அதாவது பொடிப்பொடிப் புள்ளி, தட்டும், தட்டட்டுமே. கேமராவோடு வந்த கிட் லென்ஸில் ஜூம் செய்தால் எஃப் 5.6 ஆகிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் எல்.ஈ.டி. பேனலை முகத்துக்கு நேரே பிடித்து, "இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க, இங்க பாருங்க" என்கிறார்கள். இரண்டாம் தடவை அம்மாவுக்கு எங்கிருந்து அழுகை வரும்?

எடிட்டிங் இதைவிட மோசம். வாய் கோணிய சிரிப்பு, மூக்கு சிவந்த அழுகை எல்லாம் முதல் சுற்றிலேயே ரிஜெக்ட். தப்பிப் பிழைத்த படத்தில் பாட்டியின் சுருக்கங்களை ஸ்கின் ஸ்மூத்திங் துடைத்துவிடும். மனசாரச் சிரித்தால் கண்ணோரம் சுருங்கும். அதையும் தேய்த்துவிட்டால் மிச்சம் பல் மட்டும்தான்.

ஒப்பந்தத்தில், எடுக்கப்போகிறவர் யார் என்று பெயர் இருக்கட்டும். பேசுவது ஒருவர், அன்று வருவது வேறொருவர் என்பது வாடிக்கை. இரண்டு பேர் எடுப்பதென்றால், ஒருவர் வேலை குடும்பத்து முகங்கள் மட்டும்தான் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள கேமராவா (ஒரு மெமரி கார்டு கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும்படி எடுக்கலாம்) என்றும் கேளுங்கள். எடிட் செய்யாத படங்கள் உட்பட எல்லா ஃபைலும் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ஒதுக்கிய ஃபைல்களை அழிக்க வேண்டாம் என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று கொஞ்ச நாளில் காலி செய்துவிடுவார்கள். அப்பா அழுத படம் அந்த ரிஜெக்ட் ஃபோல்டரிலேயே கிடக்கலாம்.