நடையா, சைக்கிளா? திருகோணமலை நீரோரத்துக்கு எது தோது

ஆற்றோரமாகப் போகும் பழைய ரயில் பாதை என்றால் சைக்கிள். மணலும் சேறும் கண்டல் மரமுமாகக் கிடக்கும் களப்போரம் என்றால் நடை. என் கட்சி இதுதான். ஆனால் திருகோணமலையில் மிதிக்கிற தரையும் நடக்கிற தரையும் ஒரே காலையில் மாறி மாறி வரும். அதனால் எந்த இடத்துக்கு எது என்று கொஞ்சம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் ரயில் பாதை. எஞ்சினுக்கு மேடு ஆகாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். நம் மலைநாட்டுப் பிரதான பாதையிலேயே கடுமையான ஏற்றம் 44 அடிக்கு ஓரடிதான். தண்டவாளத்தைக் கழற்றிய பிறகும் அந்தச் சமதரை அப்படியே கிடக்கும். இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் கேமல் ஆற்றோரமாகப் போகும் கேமல் ட்ரெயில் அப்படி உருவானதுதான். பாட்ஸ்டோ ஊருக்கு ஓடிய ரயில் 1967இல் நின்றது. இன்று அந்த வழி ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமான பாதை. நடப்பவர், சைக்கிள்காரர், குதிரையில் வருபவர் எல்லோருக்கும் பொது. அதில் வேட்பிரிட்ஜிலிருந்து பாட்ஸ்டோ வரையான துண்டு சுமார் 9 கிலோமீட்டர். நடந்தால் இரண்டு மணித்தியாலம், சைக்கிளில் முக்கால் மணித்தியாலம்கூட ஆகாது. ஆற்றுமுகம் அகலமாக, வளைவும் திருப்பமும் குறைவாகக் கிடப்பதால் நடப்பவருக்கு ஒரே காட்சி நெடுநேரம் நிற்கும். அங்கே நான் சைக்கிளுக்குத்தான் வாக்குப் போடுவேன்.

லண்டனிலிருந்து லீவுக்கு வந்த மருமகன் அதைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்டான்: “மாமா, இங்க சீனக்குடாப் பக்கம் லைனோரமா சைக்கிள் ஓட ஏலாதா?” ஏலாது. 1927இல் திறந்த நம் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. ஊர்ச்சனம் குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் நடப்பது உண்மைதான். ஆனால் அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. காதில் இயர்போனோடு போகிற பிள்ளைகளைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. கைவிடப்பட்ட பாதைகள் நம் நாட்டில் வேறு இடங்களில் இருந்தன. யட்டியாந்தோட்டைக்குப் போன ஒடுங்கிய பாதை 1942இல் மூடப்பட்டது. நானுஓயாவிலிருந்து இராகலைக்குப் போனதும் அந்தப் பத்தாண்டில் போய்விட்டது. அவற்றை முழு நீளத்துக்கும் நடைபாதையாகக் காப்பாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, நமக்கு இருக்கிறதைப் பார்ப்போம்.

டவுனிலிருந்து கிண்ணியா சுமார் 20 கிலோமீட்டர். இதற்கு சைக்கிள்தான், மறுபேச்சில்லை. நடந்தால் நான்கு, ஐந்து மணித்தியாலம் தார் ரோட்டு வெக்கையில் போகும். சீனக்குடாப் பக்கம் படை முகாமும் எண்ணெய்க் குதங்களும் இருப்பதால் நினைத்த இடத்தில் தண்ணீரோரம் இறங்கவும் முடியாது. அந்தத் துண்டை நிற்காமல் மிதித்துக் கடந்துவிடுவது நல்லது. கிண்ணியாப் பாலத்துக்கு வந்ததும் கதை மாறும். 2009இல் திறந்த பாலம், 396 மீட்டர் நீளம். அதற்கு முன் எல்லோரும் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போனார்கள். பாலத்தில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு நடங்கள். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமம் குடா. அலை ஏறும்போது கடல் தண்ணீர் தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு உள்ளே போவது மேலிருந்தே தெரியும். சைக்கிளில் பறந்தால் இரண்டு நிமிடத்தில் இது முடிந்துவிடும்.

தம்பலகாமம் குடாவோரம் மட்டும் நடைக்கே. முத்துச்சிப்பிக்குப் பேர்போன தண்ணீர் அது. இங்கத்தைய சிப்பி தட்டையாக, கண்ணாடித் தாள் போல மெல்லிசாக இருக்கும். ஓட்டைக் கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். ஒன்றைக் குனிந்து எடுக்கவே நடக்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் கண்ணில் அது வெறும் வெள்ளைப் புள்ளி. அதோடு, ஈரச் சேற்றில் டயர் புதைந்தால் தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாடு.

வடக்கே நிலாவெளி ரோட்டில் நான் இரண்டையும் கலந்துதான் செய்வேன். உப்புவெளி யுத்த மயானம் வரை சைக்கிள். அங்கே நிறுத்தி, கல்லறைகளில் எழுதியிருக்கும் வயதுகளை வாசித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும். அப்புறம் சாம்பல்தீவுப் பாலம் தாண்டி, சல்லி அம்மன் கோயில் பக்கம் கடற்கரைக்கு இறங்கி மறுபடி நடை. ஈரமணலில் செருப்பைக் கழற்றிப் போகலாம். சைக்கிளை மணலில் இறக்கவே வேண்டாம். உப்பும் மணலும் செயினுக்குள் போனால் மறுநாளே கிறீச்சிடத் தொடங்கிவிடும், எண்ணெய் விட்டாலும் பழைய மெதுமை வராது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மார்கழியில் நிலாவெளிக்குப் போகும்போது வாடை வலது தோளிலும் முகத்திலும் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிண்ணியா போகிறவரைத்தான் எதிர்க்கும். நடப்பவருக்கு இது வெறும் வியர்வை. சைக்கிள்காரருக்கு அரை மணித்தியாலம் கூடும். ரோட்டோரப் புல்லில் நெருஞ்சி முள் வேறு. பாரமான பஸ் வருகிறது என்று தார் விளிம்பை விட்டு இறங்கினால் பஞ்சர்தான். டியூப் ஒட்டுகிற சாமானும் கைப்பம்பும் இல்லாமல் நான் டவுன் எல்லையைத் தாண்டமாட்டேன்.

உண்மையான ஆற்றோரம்தான் வேண்டும் என்பவர்கள் கிண்ணியாவோடு நிற்காமல் மூதூர் வரை மிதியுங்கள். 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி இங்கேதான் கடலில் கலக்கிறது. முன்பு பாதைகளில் ஏறிக் கடந்த உப்பாறு, கங்கை, இறால்குழி மூன்றுக்கும் இப்போது பாலம் உண்டு. ஆனால் பிரதான ரோட்டை விட்டு உள்ளே போனால், ஆற்றைக் கடக்கத் தற்காலிக மிதவையில் ஏறாதீர்கள். 2021 கார்த்திகையில் குறிஞ்சாக்கேணியில் அப்படி ஒன்று கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்ததை கிண்ணியா இன்னும் மறக்கவில்லை. சுற்றுவழி எவ்வளவு தூரமானாலும் பாலத்தால் போங்கள். சைக்கிள் இருந்தால் அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. மூதூருக்கு நடை என்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.