டிஆர்வி8825 டிரைவர் போர்டு: எல்லாம் நல்லா இருக்கு, டிகே பின்ன மட்டும் வெளிய விடல

ஸ்டெப்பர் மோட்டர (சின்ன சின்ன ஸ்டெப்பா சுத்துற மோட்டர்) ஓட்டுற டிஆர்வி8825 வாங்கலாமான்னு கேட்டா, உங்க மோட்டர் எவ்ளோ மெதுவா ஓடப்போகுதுன்னு தான் நான் முதல்ல கேப்பேன். 45 வோல்ட் வரைக்கும் தாங்கும், 1/32 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்ப 32 துண்டா பிரிக்கிறது) இருக்கு, ஏ4988-ங்கிற இன்னொரு டிரைவர் இருந்த சாக்கெட்லயே உக்காந்துக்கும் (ட்ரிம்பாட் எதிர்ப்பக்கம் இருக்கும், அத வச்சு திருப்பி சொருகிடாதீங்க, போர்டு போயிடும்). வேகமா ஓடுற ஆக்ஸிஸ்க்கு கண்ண மூடிட்டு போடலாம்.

பிரச்சனை மெதுவா ஓட்டும்போது தான். ஷாஃப்ட்ல ஒரு நீளமான குச்சிய டேப் போட்டு ஒட்டிட்டு, 1/16-ல வச்சு ஒவ்வொரு மைக்ரோஸ்டெப்பா தள்ளிப் பாருங்க. சில ஸ்டெப்புக்கு குச்சி நுனி அசையவே அசையாது, அப்புறம் திடீர்னு ஒரே தாவா தாவும், திரும்ப கொஞ்ச நேரம் சரியா போகும், திரும்ப நிக்கும். 3டி பிரிண்டர்ல பக்கவாட்டு சுவர்ல வரி வரியா தெரியுதே, அதுக்கு பெல்ட்ட குத்தம் சொல்றதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க.

ஏன்னா இந்த சிப்புல டிகே பின்ன (decay, காயில்ல கரண்ட் எப்படி இறங்கணும்னு தீர்மானிக்கிற பின்) எங்கயும் கனெக்ட் பண்ணாம விட்டா மிக்ஸட் மோடு, ஹை குடுத்தா ஃபாஸ்ட், லோ குடுத்தா ஸ்லோ. வழக்கமா கிடைக்கிற போர்டுல அத சும்மா விட்டுருக்காங்க, அதனால மிக்ஸட். ஆனா இந்த மிக்ஸட் கரண்ட் இறங்கும்போது மட்டும் தான், ஏறும்போது ஸ்லோ தான் ஓடுது. ஸ்லோன்னா காயில ஷார்ட் பண்ண மாதிரி கரண்ட் உள்ளயே சுத்தி சுத்தி மெதுவா கரையும், ஃபாஸ்ட்னா வோல்டேஜ எதிர்ப்பக்கம் குடுத்து சட்டுன்னு இறக்கிடும், மிக்ஸட்னா ரெண்டும் கலந்தது.

இப்ப கணக்க பாருங்க. சிப்பு ஒவ்வொரு சைக்கிள்லயும் குறைஞ்சது 3.75 மைக்ரோசெகண்ட் ஆன் பண்ணியே ஆகணும், பிளாங்கிங் டைம் அது (ஆன் ஆனதும் கரண்ட அளக்காம விடுற நேரம்). சிப்பு ஸ்விட்ச் பண்ற 30 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சைக்கிள் சுமார் 33 மைக்ரோசெகண்ட், அதாவது 11% சும்மாவே ஆன். 24 வோல்ட்ல அது சராசரி 2.7 வோல்ட். காயிலும் ஃபெட்டும் (சிப்புக்குள்ள இருக்குற ஸ்விட்ச்) சேத்து 2 ஓம்னா, ஸ்லோ டிகேல கரண்ட் 1.3 ஆம்ப் பக்கம் வர்ற வரைக்கும் அதால பிடிச்சு நிறுத்தவே முடியாது. 1/16-ல முதல் ஸ்டெப்புக்கு வேண்டியதோ பீக் கரண்ட்ல 10% தான்! காயில் கரண்டோட சைன் வேவ் ஜீரோகிட்ட உடைஞ்சு போறது இதனால தான், ஸ்கோப்ல கரண்ட் புரோப் மாட்டினா பளிச்சுன்னு தெரியும். 12 வோல்ட்ல இந்த அளவு பாதியாகும், ரெசிஸ்டன்ஸ் அதிகமான மோட்டர்ல இன்னும் குறையும். உங்க மோட்டர் நம்பர போட்டு நீங்களே பாத்துக்கலாம்.

தீர்வு, டிகே பின்ன ஹை பண்ணி ஃபாஸ்ட் ஆக்குறது. குச்சி ஒழுங்கா நகர ஆரம்பிச்சிடும், பதிலுக்கு ரிப்பிள் (கரண்ட்ல ஏற்ற இறக்கம்) ஏறும், உஸ்ஸுன்னு சத்தம் வரும், மோட்டர் கொஞ்சம் கூட சூடாகும். எனக்கு அது பரவால்ல, பொசிஷன் தான் முக்கியம். ஆனா அது சிப்புல 19-வது பின், கால் இடைவெளி வெறும் 0.65 மிமீ, பக்கத்துலயே 20-ல டைரக்ஷன் பின்னு. மெல்லிசான வயர், நல்ல ஃப்ளக்ஸ், பூதக்கண்ணாடி இல்லாம கைய வைக்காதீங்க. ஒரு சின்ன ஜம்பர் பேட் போர்டுலயே விட்டிருந்தா இவ்ளோ பாடு எதுக்கு, அந்த ஒரு விஷயத்துக்கு தான் எனக்கு ரொம்ப கோவம்.

ஸ்லோவ மட்டும் தேர்ந்தெடுக்காதீங்க, இறங்குற பக்கமும் கெட்டுடும். சாலிடரிங் வேண்டாம்னா காயிலோட சீரியஸா டயோடு போடுற ஸ்மூதர் போர்டு இருக்கு, வேலை செய்யும், டயோடு சூடாகும். 29 வோல்ட்டுக்குள்ள ஓட்டுறீங்க, மெதுவான நுணுக்கமான வேலைன்னா டிஎம்சி2209 டிரைவர் எடுங்க, அதுல ஸ்ப்ரெட்சைக்கிள்ங்கிற மோடு ஸ்லோவையும் ஃபாஸ்ட்டையும் தானே பாத்து பிரிச்சுக்குது. 36 வோல்ட்ல வேகமா ஓட்டணும்னா திரும்ப 8825 தான் எடுப்பேன், மூணு ஸ்டார்.