மூன்று வருடம் உழைத்த 3,800 ராண்ட் மடிக்கணினி

2022 கடைசியில், தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனில் பழைய கணினிகள் விற்கும் ஒரு கடையில் 3,800 ராண்டுக்கு இந்த மடிக்கணினியை வாங்கினேன். ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துக்கட்டியது. இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 சிப், 8 ஜிபி ரேம், மூடியில் ஸ்டிக்கரை உரித்த பசை. ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான புதுப்பிப்பு வர 2025 அக்டோபர் 14 கடைசி நாள் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். விலை இறங்கியதற்கு அதுதான் காரணம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. வீட்டுக்கு வந்த அன்றே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அப்புறம் ரேமை 16 ஆக்கி, 500 ஜிபி எஸ்எஸ்டி மாற்றினேன். வேகத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

2023-இல்தான் இந்த நாட்டில் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. வெட்டின் கடுமையை ஸ்டேஜ் என்று எண் போட்டுச் சொல்வார்கள். "இன்னைக்கு எந்த ஸ்டேஜ்?" என்று கேட்டுக்கொண்டுதான் பொழுதே விடியும். இரண்டு மணி நேரம் போகும், வரும், மறுபடி போகும். ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினேன். மேசைக் கணினியைப் போட்டு இதைச் சமாளித்திருக்க முடியாது. போன மின்சாரம் திரும்பி வரும் அந்த நொடிதான் ஆபத்து. அப்படி ஒரு தடவை அடாப்டர் ஒன்று கருகியது. அதிலிருந்து மின்சாரம் போனதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். இங்கே பிளக் நம் ஊர் 15 ஆம்பியர் பிளக் மாதிரி தடித்த மூன்று உருண்டைக் கால்கள். தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த இஸ்திரிப்பெட்டி நேராகப் பொருந்தியதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பேட்டரி கதை கொஞ்சம் நீளம். கூடவே வந்த பழைய பேட்டரி 50 நிமிடம் தாங்கியது. உள்ளூர்க் கடை ஒன்றில், அசல் இல்லை ஆனால் அசல் மாதிரியே என்று சொல்லி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். ஏழாவது மாதம் டச்பேட் அழுத்தினால் அமுங்கவில்லை. திருப்பிப் பார்த்தால் அடித்தகடு லேசாக மேடிட்டிருந்தது. பேட்டரி உப்பிப் போயிருக்கிறது! அதை அப்படியே கழற்றி, பால்கனியில் ஒரு மண்சட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தேன். மூன்றாவதாக வாங்கியதற்கு டிஎல்பி என்ற நிரலைப் போட்டு, 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் கட்டுப்படுத்தினேன். இரண்டு வருடம் ஆகிறது. முதலில் இருந்த கொள்ளளவில் இன்னும் 88 சதவீதம் இருக்கிறது. பழைய கணினி வாங்குகிறவர்கள் பேட்டரிக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாங்கியதன் உண்மையான நோக்கம் மலை. வருடத்துக்கு நான்கைந்து தடவை நாங்கள் நான்கு பேர் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குப் போவோம். சூலு மொழியில் உகஹ்லாம்பா, ஈட்டிகளை வரிசையாக நட்டதுபோல் ஒரு தடுப்பு என்று பொருள். தூரத்திலிருந்து பார்த்தால் பெயர் சரியென்று படும். மலை மேலே சிக்னல் கிடையாது. அதனால் வேலை முழுக்க வீட்டு மேசையிலேயே முடிய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து பாதையை எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உயரத் தரவைச் சேர்த்து, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக்கோட்டை 20 மீட்டருக்கு ஒன்றாக வரைந்து, கைபேசியில் ஓஸ்ம்ஆண்ட் என்ற வரைபடச் செயலிக்கு ஏற்றிக்கொள்வேன். இந்தக் கணினி அந்தக் கோடுகளைப் போட நாலைந்து நிமிடம் எடுக்கும். அதற்குள் காபி போட்டுவிடலாம்.

இதில் ஒன்றைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் எடுப்பது 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரத் தரவு. அதில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். சரிவுக்கு அது போதும், செங்குத்துக்குப் போதாது. ஆம்பிதியேட்டர் என்ற பாறைச்சுவர் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வெட்டாக இறங்குகிறது. கட்டங்களுக்கு நடுவே அந்த விளிம்பு மழுங்கிவிடும். திரையில் கோடு நெருங்கத் தொடங்கும் இடத்தில் நிஜத்தில் தரையே இருக்காது. இப்போது விளிம்பை ஒட்டி 100 மீட்டருக்குச் சிவப்புப் பட்டை ஒன்றை நானே வரைந்துவிடுகிறேன்.

அந்தப் பட்டை 2024 மே மாதம் கைகொடுத்தது. சென்டினல் கார் நிறுத்தத்திலிருந்து நடந்து, சங்கிலி ஏணிகளில் ஏறி, ஆம்பிதியேட்டர் விளிம்பில் துகேலா அருவி விழத் தொடங்கும் உச்சிக்குப் போனோம். 948 மீட்டர் அருவி. ஆனால் மழை ஓய்ந்த மாதத்தில் மேலே நின்று பார்த்தால் நம் ஊர் வாய்க்கால் அளவு தண்ணீர்தான். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மூடுபனி ஏறியது. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஏணியின் மேல்முனையை வீட்டிலேயே புள்ளியாகக் குறித்துவைத்திருந்தேன். விமானப் பயன்முறையில் இருந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கியதால் கைபேசியைச் சட்டைக்குள் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, சிவப்புப் பட்டைக்குள் கால் வைக்காமல் அந்தப் புள்ளிக்கு வந்து சேர்ந்தோம்.

அதே பயணத்தில் மடிக்கணினி காலை வாரியது. மூடியை மூடி, தூங்கவைத்து, பையில் போட்டேன். மலைக்குப் போகும் வழியில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது பை இட்லிக் கொப்பரை மாதிரி சூடு. கம்பியில்லா மவுஸின் ரிசீவர் செருகியபடியே இருந்திருக்கிறது. வண்டி குலுங்கக் குலுங்க மவுஸ் அசைந்து கணினியை எழுப்பிவிட்டிருக்கிறது. அடுத்த ஊரான ஹாரிஸ்மித் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி காலி. இப்போது பையில் வைக்கும் முன் அணைத்தே விடுகிறேன். ஹாரிஸ்மித் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில்தான் வெல்கம் என்ற ஊர். மின்ட்டுக்கு அடித்தளமான உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் பிறந்த ஊர் அது. அங்கிருந்து வந்த சரக்கு அந்த மண்ணிலேயே படுத்துவிட்டது என்று கூட வந்தவர்கள் அன்று முழுக்க என்னை ஓட்டினார்கள்.

எடுத்த புகைப்படங்களை டார்க்டேபிள் என்ற மென்பொருளில் திருத்துகிறேன். இரண்டே கோர் உள்ள சிப்புக்கு அது பாரம்தான். இரைச்சல் நீக்கும் கருவியைத் தட்டினால் மின்விசிறி கத்தும், ஒரு படத்துக்கு அரை நிமிடம் போகும். நூறு படம் என்றால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப்போய்விடுவேன். வீடியோ வெட்டுகிறவர்கள் இந்த வயதுக் கணினி பக்கம் வரவே வேண்டாம்.

தமிழ் தட்டச்சில் குறையே இல்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேர்த்தால் முடிந்தது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பக்கத்து வீட்டு ஆயாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேத்தி பாட்டுப் போட்டிக்குத் தேவாரம் பழகுகிறாள், கையில் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாள். அதில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. குழந்தை மழையை மலை என்றே பாடினாள். லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் மேலே தமிழும் கீழே ஆங்கில எழுத்துமாக அடித்து, ழ வரும் இடத்தையெல்லாம் சிவப்பாக்கினேன். "தம்பி, இன்னும் பெருசா வருமா?" என்றார் ஆயா. 28 புள்ளி எழுத்தளவில் எடுத்துக் கொடுத்தேன். அச்சுப்பொறியை மின்ட் தானாகவே கண்டுகொண்டது.

எரிச்சல்களும் உண்டு. கைரேகை வருடி மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. மகன் பள்ளியிலிருந்து வரும் வேர்ட் கோப்புகளில் அட்டவணை இருந்தால் லிப்ரே ஆபிஸில் கட்டங்கள் இடம் மாறிவிடும். அவற்றை உலாவியில் திறந்துகொள்கிறோம். கடற்காற்றின் உப்பில் ஒரு யூஎஸ்பி துளை துருப்பிடித்துவிட்டது. மின்ட் 21-லிருந்து 22-க்கு 2024 கடைசியில் மாறினேன். மாறும் முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் இயங்குதளத்தின் நகல் ஒன்றை எடுத்துவைத்தது நல்லதாயிற்று, முதல் தடவை வைஃபை வரவில்லை. பழையதற்குத் திரும்பி, மறுவாரம் செய்தபோது சரியானது. 22-க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதுவரை மூடியின் இடது கீல் தாங்குமா என்பதுதான் கேள்வி. போன மாதத்திலிருந்து திறக்கும்போது கிரீச் என்கிறது.