கரை நடையா, சூரிய நமஸ்காரமா, இறுக்கித் தளர்த்துவதா?

சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் டெல்டாவில் பல வீடுகளில் தூக்கம் கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ, மழை வந்துவிடுமோ என்று மனசு செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றும். போன தையில் என் அத்தான் அப்படித்தான் இருந்தார். ராத்திரி 2 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். உடம்பை அசைத்து மனசை இறக்கலாம் என்றேன். "நாள் பூரா வயல்ல குனிஞ்சு நிமிர்ற உடம்பு மாப்ளே, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்றார்.

நியாயமான கேள்வி. வயலில் குனியும்போது கவனம் பயிரிலும் கூலிக் கணக்கிலும் இருக்கிறது. இந்தப் பயிற்சிகளில் கவனத்தை உடம்புக்குள் கொண்டுவர வேண்டும், வித்தியாசம் அதுதான். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வார மன அழுத்தப் பயிற்சியிலும், கண்மூடி உட்காருவதோடு மெதுவான யோகாவும் நடையும் சேர்ந்தே இருக்கின்றன. நாங்கள் இருவரும் மூன்று வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம்.

சூரிய நமஸ்காரத்தில் 12 நிலைகள். நிதானமாக, மூச்சோடு சேர்த்துச் செய்தால் முதுகும் நெஞ்சும் விரிவது நன்றாகத் தெரியும். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் எனக்கு இது பிடித்தது. ஆனால் எண்ணிக்கை ஏற ஏற வேகம் கூடி, எப்போது முடியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அத்தானுக்கு முட்டி வலி. இரண்டாம் நாளே விட்டுவிட்டார். ரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்தமோ இருப்பவர்கள் தலை கீழே போகும் நிலைகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

நடைக்குத் திருவாரூர் கமலாலயக் கரை. 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்பார்களே, அந்தக் குளத்தைச் சுற்றி வருவது சின்ன வேலையில்லை. குதிகால் பதிவது, பாதம் படிவது, விரல் நுனி தரையை விட்டு எழுவது என்று ஒவ்வோர் அடியாகக் கவனிக்க வேண்டும். நாலு அடிக்கு மூச்சை இழுத்து, ஆறு அடிக்கு விட்டோம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். அதனால்தான் விடும் நேரத்தை நீட்டுவது. ஒரே தொல்லை, ஊரே தெரிந்த மனிதருக்கு ஊர்க்குளக்கரை தோதான இடமில்லை. "என்ன, நெல்லு எடுத்தாச்சா?" என்று ஒருவர் நிறுத்திவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. விடியும் முன்பே போனால் சரி. வெளியே போக முடியாதவர்கள் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கலாம். அந்த நடை எந்தெந்த நோயைத் தீர்க்கும் என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. வளைவுகளில் கால் வைக்கக் கவனம் தேவைப்படுகிறது, மனசுக்கு அது போதும்.

ராத்திரி 2 மணிக்கு நடைக்கும் வழியில்லை, நமஸ்காரத்துக்கும் வழியில்லை. அங்கேதான் மூன்றாவது வழி ஜெயித்தது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்தது: ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு விடுவது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கைகளை 5 நொடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டு, 20 நொடி சும்மா கவனித்தோம். உள்ளங்கையில் மெல்ல ஒரு சூடு பரவும். அப்புறம் தோள், நெற்றி, வயிறு, தொடை. கெண்டைக்காலை மட்டும் லேசாக. இல்லையென்றால் குரக்களி பிடிக்கும். தாடைக்கு வந்தபோது அத்தான் நிறுத்திவிட்டுக் கன்னத்தைத் தடவினார். "இதை நான் எப்பவுமே கடிச்சுக்கிட்டுதான் இருக்கேன் போல." ஒரு வாரமாகத் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் அவர். சிலருக்கு மட்டும் இப்படித் தளர்த்தும்போதே படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து, எழுந்து நடப்பது நல்லது.

ஆகவே என் கணக்கில் இரவுக்கு இறுக்கித் தளர்த்துவது, விடியலுக்கு நடை. சூரிய நமஸ்காரம் முட்டி நன்றாக இருப்பவர்களுக்கும், சொல்லித்தர ஆள் கிடைப்பவர்களுக்கும்.

இதில் எதுவும் நெல்லின் ஈரத்தைக் குறைக்காது. ஆனால் 'எல்லாம் போச்சு' என்றே சொல்லிக்கொண்டிருந்த மனிதர், தோள் இறங்கிய பிறகு, "தார்ப்பாய்க்கு மேற்குப் பக்கம் இன்னும் ரெண்டு கயிறு போடணும்" என்றார். அந்தச் சின்ன மாற்றத்துக்காகத்தான் இவ்வளவும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் எந்தப் பயிற்சியையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண், தமிழிலேயே பேசலாம். அத்தான் அதைக் கணக்கு நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்து வயல்காரர்கள் கேட்டால் சொல்வதற்காக.