வேறு மாநிலத்தில் டிரக் பயிற்சியா? பஸ் ஏறுவதற்கு முன் இதைப் படியுங்கள்

"ட்ரெயினிங் ஃப்ரீ, ரூம் ஃப்ரீ, பஸ் டிக்கெட் நாங்களே போட்டுக் கொடுத்துடுவோம், மூணே வாரத்துல சி.டி.எல். (வணிக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) உங்க கையில." அமெரிக்காவில் டிரக் ஓட்டப் போகலாமா என்று இணையத்தில் ஒரு ஃபாரம் நிரப்பிவிட்டால் போதும், இந்த ஃபோன் வந்துவிடும். ஸ்கூல் எங்கே என்று கேட்டால் இரண்டு மாநிலம் தள்ளிச் சொல்வார்கள். அதில் சட்டப்படி தப்பில்லை. வேறு மாநிலத்தில் படித்து, அங்கேயே ஓட்டுநர் டெஸ்ட் கொடுத்து, சொந்த மாநிலத்தில் லைசென்ஸ் வாங்க மத்திய விதியிலேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போன பலர் லைசென்ஸும் இல்லாமல், தலையில் சில ஆயிரம் டாலர் கடனோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். எங்கே மாட்டினார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் விலாச மோசடி. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஸ்கூலுக்குப் போன இரண்டாம் மூன்றாம் நாள் எல்லோரையும் வேனில் ஏற்றி உள்ளூர் டி.எம்.வி.க்கு (லைசென்ஸ் தரும் அரசு அலுவலகம்) கூட்டிப் போவார்கள். இந்த ஊரில்தான் வசிக்கிறீர்கள் என்று ஸ்கூலே எழுதிய ஒரு கடிதம் கையில் தரப்படும். அதில் இருக்கும் விலாசம் நீங்கள் தங்கியிருக்கும் மோட்டலுடையது. "எல்லாரும் செய்றதுதான், சும்மா ஃபார்மாலிட்டி" என்பார்கள். சும்மா இல்லை. வணிக லைசென்ஸையும் அதற்கான கற்றல் பெர்மிட்டையும் உங்கள் நிலையான வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலம்தான் தர முடியும். எங்கே போனாலும் திரும்பி வருவதாக நீங்கள் நினைக்கும் இடம் என்பதுதான் மத்திய விதியில் அதற்கு அர்த்தம். மூன்று வாரம் படுத்து எழுந்த மோட்டல் அறை அந்தக் கணக்கில் வராது.

வணிக ஓட்டுநருக்கு ஒரே லைசென்ஸ்தான் இருக்கலாம். அங்கே புதிதாக வாங்கினால் உங்கள் ஊர் லைசென்ஸ் ரத்தாகும். வீடு திரும்பிய பிறகு மறுபடி மாற்ற வேண்டும், கார் இன்ஷூரன்ஸ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு என்றாவது அந்த மாநிலம் பழைய விண்ணப்பங்களைத் தோண்டினால், ஒரே மோட்டல் விலாசத்தில் வரிசையாக லைசென்ஸ் வாங்கியவர்களில் உங்கள் பெயரும் இருக்கும். லைசென்ஸ் பெறுவதில் மோசடி என்று தீர்ப்பானால் குறைந்தது ஓர் ஆண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. கையெழுத்து உங்களுடையது, ஸ்கூல் கை கழுவிவிடும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அவர்களுக்கு வரும் திங்கட்கிழமை வகுப்பு நிறைய வேண்டும். முறைப்படி போனால் நீங்கள் ஊரிலேயே பெர்மிட் வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்குள் இன்னொரு கம்பெனி உங்களைக் கொத்திக்கொண்டு போய்விடும். உண்மையிலேயே குடிபெயர்ந்து, வாடகை ஒப்பந்தம் போட்டு அங்கே வாழப்போகிறவர்கள் கதை வேறு. அவர்கள் தாராளமாக அங்கேயே வாங்கலாம்.

இனி சரியான வரிசை. உங்கள் மாநில அலுவலகத்தில் (டெக்ஸாஸில் அது டி.பி.எஸ்., இல்லினாயில் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட், பெயர் மாறும்) எழுத்துத் தேர்வு எழுதி கற்றல் பெர்மிட் வாங்குங்கள். 18 சக்கர வண்டிக்கான கிளாஸ் ஏ என்றால் வண்டி ஓட்டுவது பற்றிய பொது அறிவு, ஏர் பிரேக், காம்பினேஷன் (டிரெய்லர் இணைத்த வண்டி) மூன்றும் வேண்டும். தேர்ச்சிக்கு ஒவ்வொன்றிலும் 80 சதவீதம். ஏர் பிரேக் தாளை விட்டுவிட்டுப் போனால் லைசென்ஸில் 'எல்' தடை விழும், ஏர் பிரேக் வண்டியை ஓட்ட முடியாது. பெரிய டிரக் எல்லாமே ஏர் பிரேக்தான். பெர்மிட் கைக்கு வந்து 14 நாள் ஆகாமல் ஓட்டுநர் டெஸ்ட் கொடுக்க முடியாது. இது மத்திய விதி, எந்த ஸ்கூலாலும் குறைக்க முடியாது. கையில் பெர்மிட்டே இல்லாத ஆளிடம் "பத்தே நாளில் லைசென்ஸ்" என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு பேச வேண்டாம், ஃபோனை வைத்துவிடுங்கள்.

பெர்மிட் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. எந்த வகை ஓட்டம் என்று நீங்களே உறுதி சொல்ல வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் என்று டிக் அடித்தால் பெர்மிட்டில் 'கே' தடை ஏறும். அந்தப் பெர்மிட்டோடு பக்கத்து மாநிலத்தில் டிரக் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. அதாவது, நீங்கள் போன காரியமே நடக்காது. மாநிலம் தாண்டுவது, மருத்துவச் சான்று தேவைப்படுவது, இந்த இரண்டும் சேர்ந்த வகையைத்தான் தேர்வு செய்ய வேண்டும். கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் தவறாகப் பதிந்திருக்கலாம். பெர்மிட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள். 21 வயது ஆகாதவர்கள் பொதுவாக மாநிலம் தாண்டி ஓட்ட முடியாது, அதனால் வெளிமாநில ஸ்கூல் அவர்களுக்குச் சரிப்படாது.

மருத்துவப் பரிசோதனையை ஊரிலேயே முடித்துவிடுங்கள். நம் ஆட்களில் பலருக்கு பிரஷரோ சுகரோ இருக்கிறது, அதை அங்கே போய்க் கண்டுபிடிப்பது அழகல்ல. பிரஷர் 140-க்கு 90-க்குக் கீழே இருந்தால் இரண்டு ஆண்டுச் சான்று கிடைக்கும். 159-க்கு 99 வரை என்றால் வழக்கமாக ஓர் ஆண்டு. 179-க்கு 109 வரை போனால் ஒரே ஒரு முறை மூன்று மாதம். 180-க்கு 110 தொட்டால் குறையும் வரை சான்று இல்லை. இன்சுலின் போடுபவர்களுக்கு இப்போது கதவு மூடியில்லை, ஆனால் சிகிச்சை தரும் டாக்டர் தனிப் படிவம் நிரப்பித் தரவேண்டும், மூன்று மாத சுகர் அளவுப் பதிவும் வேண்டும். இது தெரியாமல் போனவர்களை முதல் நாளே "சாரி" சொல்லி அனுப்பிவிடுவார்கள். பஸ் டிக்கெட் இலவசம் என்றார்களே, அது போவதற்கு மட்டும்.

போதைப்பொருள் சோதனையும் அதே மாதிரி. உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைக்கலாம்; மத்திய சோதனைக்கு அது கணக்கே இல்லை. சி.பி.டி. எண்ணெய் (கஞ்சா செடியிலிருந்து எடுப்பது) சாப்பிட்டதால் வந்தது என்ற சாக்கும் எடுபடாது. தோற்றால், அல்லது சோதனைக்கு மறுத்தால், பெயர் மத்திய கிளியரிங்ஹவுஸில் (இப்படிச் சிக்கிய வணிக ஓட்டுநர்களின் அரசுப் பதிவேடு) ஏறும். 2024 நவம்பர் 18 முதல், அந்தப் பட்டியலில் தடையில் இருப்பவரின் வணிக உரிமத்தை மாநிலமே பறித்தாக வேண்டும். புதிய லைசென்ஸும் தராது.

ஸ்கூலைப் பற்றி. 2022 பிப்ரவரி 7-க்குப் பிறகு முதல்முறை கிளாஸ் ஏ எடுப்பவர்கள் மத்திய 'ட்ரெயினிங் ப்ரொவைடர் ரெஜிஸ்ட்ரி'யில் உள்ள ஸ்கூலில்தான் படிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் அரசு சோதித்து ஒப்புதல் கொடுத்ததாக நினைக்காதீர்கள். ஸ்கூல் தானே தன்னைத் தகுதியானது என்று சொல்லிப் பதிந்துகொள்ளும் இடம் அது. 2025 டிசம்பரில் ஏறத்தாழ 3,000 ஸ்கூல்களை நீக்கப்போவதாக மத்தியப் போக்குவரத்துத் துறை அறிவித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதனால் பணம் கட்டும் அன்றும் பாருங்கள், கிளம்பும் அன்றும் பாருங்கள். நீங்கள் போகும் கிளையின் விலாசம்தானா என்றும் சரிபாருங்கள்.

இந்தப் பயிற்சிக்கு இத்தனை மணி நேரம் என்று மத்திய விதியில் குறைந்தபட்ச அளவு கிடையாது. "160 மணி நேர கோர்ஸ்" என்பார்கள். அதில் வகுப்பு எவ்வளவு, யார்டில் (பயிற்சி மைதானத்தில்) நின்று வேடிக்கை பார்ப்பது எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு டிரக்குக்கு நான்கு பேர் என்றால், ரிவர்ஸ் எடுக்க உங்கள் முறை வருவதற்குள் மதிய சாப்பாடு வந்துவிடும். "நான் ஸ்டீயரிங் பிடிக்கிற மணி எவ்வளவு?" இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத இடம் வேண்டாம். பாடத்தை ஓர் இடத்தில் ஆன்லைனில் முடித்து ஓட்டும் பயிற்சியை இன்னோர் இடத்தில் எடுக்கலாம். ஆனால் யார்டு பயிற்சியும் ரோடு பயிற்சியும் ஒரே ஸ்கூலில்தான் இருக்க வேண்டும். பாதியில் ஸ்கூல் மாறினால் முதலில் இருந்துதான்.

டெஸ்ட் எந்த வண்டியில் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'ஈ' தடை, மேனுவல் ஓட்ட முடியாது. ஐந்தாம் சக்கர இணைப்பு (டிரக்கின் முதுகில் டிரெய்லரைப் பூட்டும் தட்டு) இல்லாமல் கொக்கி மாதிரி இணைப்பு உள்ள டிரெய்லரில் கொடுத்தால் 'ஓ' தடை. அதோடு சாதாரண 18 சக்கர வண்டி வேலையே கிடைக்காது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி கிளாஸ் ஏ-க்கு வேண்டிய 26,001 பவுண்டு மொத்த எடைக் கணக்கைக் காட்டி "இதுவும் கிளாஸ் ஏதானே" என்று சமாளிக்கும் மலிவு ஸ்கூல்கள் இதில் கெட்டிக்காரர்கள். சொன்னது பொய்யில்லை, வாங்கிய லைசென்ஸால் பயனும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் இரண்டாவது வேலை நாள் நள்ளிரவுக்குள் ஸ்கூல் உங்கள் சான்றை ரெஜிஸ்ட்ரியில் ஏற்ற வேண்டும். அது ஏறாமல் டெஸ்ட் கிடையாது. இங்கேதான் நம் பெயர் பிரச்சினை செய்யும். அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, இனிஷியல் விரிந்ததா விரியாததா, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பதால் லைசென்ஸில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்ததா, எதுவாக இருந்தாலும் பெர்மிட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஸ்கூலும் மருத்துவரும் பதிய வேண்டும். பெர்மிட் எண்ணுக்குப் பக்கத்தில் மாநிலம் என்ற கட்டத்தில் ஸ்கூல் கிளார்க் பழக்க தோஷத்தில் தன் மாநிலத்தைப் போட்டுவிடுவார். உங்கள் மாநிலம்தான் வரவேண்டும். உங்கள் பதிவை நீங்களே ரெஜிஸ்ட்ரியில் பார்க்க முடியும். பார்க்கும் வரை ஸ்கூலை விட்டு நகராதீர்கள்.

டெஸ்ட் பாஸ் ஆனவுடன் பலர் லைசென்ஸ் வந்துவிட்டது என்று வீட்டுக்கு ஃபோன் போடுகிறார்கள். இல்லை, இன்னும் கையில் இருப்பது பெர்மிட்தான். பயிற்சி மாநிலம் முடிவை மின்னணு வழியில் உங்கள் மாநிலத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் மாநிலம் அதை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும், மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கையில் கொண்டுவரும் மதிப்பெண் தாளை வைத்து லைசென்ஸ் தரமாட்டார்கள். வெளிமாநில மாணவர்களுக்கு டெஸ்ட் வைப்பது பயிற்சி மாநிலத்தின் விருப்பம் என்பதையும் மறக்காதீர்கள். அந்த மாநிலம் வைக்கிறதா என்று அந்த மாநில அலுவலகத்திலேயே கேளுங்கள், ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் வாயால் வேண்டாம். சிலர் இதைக் கேட்காமல் போய், கடைசி வாரத்தில் "உங்க ஊர்லயே டெஸ்ட் குடுத்துக்குங்க" என்று அனுப்பப்பட்டிருக்கிறார்கள். ஊரில் டெஸ்ட்டுக்கு டிரக் யார் தருவது? ரிவர்ஸ் பயிற்சிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இந்த இடைவெளியைக் கம்பெனிகள் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. பாஸ் ஆனவரை வீட்டுக்கு அனுப்பாமல் வாரக்கணக்கில் பயிற்சிச் சம்பளத்தில் ஓட்ட விடுவார்கள். பெர்மிட்டோடு ஓட்டும்போது சி.டி.எல். உள்ளவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னால் படுத்துத் தூங்கக் கூடாது. டெஸ்ட் பாஸ் ஆனவர்கள் விஷயத்தில் சில கம்பெனிகளுக்கு மத்திய அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு உண்டு என்றால் அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். பெர்மிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஓர் ஆண்டு. லைசென்ஸாக மாற்றுவதற்கு முன் அது தீர்ந்துபோனால் நீங்கள் பாஸ் செய்ததற்கு மதிப்பு இருக்காது.

ஒப்பந்தத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவர்களும் அதைக் கடைசியில்தான் காட்டுவார்கள். மோட்டலில் இறங்கிய மறுநாள், திரும்பக் காசில்லாத நிலையில். "ஃப்ரீ" என்பதன் பொருள் ஓர் ஆண்டு வேலை செய்தால் ஃப்ரீ. முன்னால் விலகினால் முழுத் தொகையா, செய்த மாதங்களுக்குக் கழிவு உண்டா, அவர்களே வேலையை விட்டு நீக்கினால் யார் கட்டுவது, டெஸ்ட்டில் தோற்றால் எத்தனை முறை மறுபடி விடுவார்கள், வட்டி எவ்வளவு, கடன் வசூல் கம்பெனிக்கு எப்போது போகும், இவை எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை வீட்டில் இருக்கும்போதே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். "வந்த பிறகு பார்த்துக்கலாம்" என்றால் போகாதீர்கள். சொந்தப் பணம் கட்டும் ஸ்கூல் என்றால் ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பாமல் கிரெடிட் கார்டில் தவணையாகக் கட்டுங்கள்.

இதெல்லாம் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்களுக்கான வணிக லைசென்ஸ் விதிகளை 2025 செப்டம்பரில் கடுமையாக இறுக்கினார்கள், பிறகு அது கோர்ட்டுக்கும் போனது. "உங்க விசாவுக்கு நாங்க முடிச்சுத் தர்றோம்" என்பவர்களுக்கு ஒரு டாலர் கூட கொடுப்பதற்கு முன், உங்கள் மாநில அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே அங்கே மாட்டிக்கொண்டிருப்பவர்கள்: மோட்டல் விலாசத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டிருந்தால் லைசென்ஸ் வழங்கப்படும் முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுங்கள். ஒப்பந்தம், பெர்மிட், மருத்துவச் சான்று, மதிப்பெண் தாள், ரெஜிஸ்ட்ரி பக்கம் எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் முடிவு வந்து சேர்ந்துவிட்டதா என்று உங்கள் ஊர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, வந்தது என்று அவர்கள் சொன்ன பிறகு திரும்பும் பஸ்ஸில் ஏறுங்கள். வரவில்லை என்றால் டெஸ்ட் வைத்த இடத்துக்குப் போய் அங்கேயே நில்லுங்கள். ஊருக்கு வந்துவிட்டால் உங்கள் ஃபோனை யாரும் எடுக்கமாட்டார்கள்.