தீர்ப்பு தேட எந்தத் தளம்? டிஜி எஸ்சிஆர், இந்தியன் கானூன்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காசு கொடுக்காமல் படிக்க இந்த இரண்டு தளங்களே போதும். டிஜி எஸ்சிஆர் நீதிமன்றமே நடத்துவது. இந்தியன் கானூன் 2008 முதல் இயங்கும் தனியார் தளம். தேடுவதற்கு இந்தியன் கானூன், படிப்பதற்கு டிஜி எஸ்சிஆர் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

டிஜி எஸ்சிஆரின் பலம் அதன் தலைக்குறிப்பு. என்ன கேள்வி எழுந்தது, நீதிமன்றம் என்ன முடிவு சொன்னது, எந்தெந்தச் சட்டப்பிரிவுகள் என்பதெல்லாம் முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும். நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பை வேறு எப்படித் தொடங்குவது! ஆனால் தலைக்குறிப்பு தொகுப்பாளர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. மனுவில் மேற்கோள் காட்டத் தீர்ப்பின் பத்தி எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இந்தியன் கானூனில் உயர் நீதிமன்றங்கள், தீர்ப்பாயங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் அடியுங்கள். இரு சொற்களும் கட்டாயம் வர வேண்டுமென்றால் நடுவில் ஆங்கிலத்தில் 'ஆண்ட்' (ANDD) போட வேண்டும்; அதுவும் பெரிய எழுத்தில், கடைசியில் இரட்டை 'டி' வைத்து, இருபுறமும் இடைவெளி விட்டு. ஒரு 'டி' போட்டால் அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளும். புதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் '2025 ஐஎன்எஸ்சி 481' போன்ற நடுநிலை மேற்கோள் எண்ணே (ஒவ்வொரு தீர்ப்புக்கும் நீதிமன்றமே தரும் எண்) சுருக்குவழி.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: தேடலில் கிடைத்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா? குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்தரிக்கும் படங்களைப் பதிவிறக்கித் தனியே பார்ப்பது குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024 ஜனவரி உத்தரவை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று கொண்டாட்டம்தான்.

மேலே சொன்ன 481, தமிழக ஆளுநர் வழக்கு (2025 ஏப்ரல் 8). ஆளுநர் ஒப்புதல் தராத பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது இரு நீதிபதிகள் அமர்வு. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு நவம்பர் 20 அன்று கருத்துச் சொன்ன ஐவர் அமர்வோ, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் தந்ததாகக் கருதவோ முடியாது என்றது. இது அரசியல் சாசனத்தின் 143-வது பிரிவின்கீழ் வந்த ஆலோசனைக் கருத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பல்ல. இந்த நுணுக்கத்தை எந்தத் தேடுபெட்டியும் சொல்லித் தராது. இந்தியன் கானூனில் 'சைட்டட் பை' பட்டியலை (அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிய மற்றத் தீர்ப்புகள்) திறந்து, புதியது முதலில் வருமாறு அடுக்கி, மேலே இருப்பவற்றையாவது படித்துவிடுங்கள்.

நிலுவை வழக்கின் வாய்தா தேதிக்கு இரண்டுமே உதவாது. அதற்கு இ-கோர்ட்ஸ் செயலியும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணும் வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் இனிஷியலும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் காலை வாரிவிடும்.

உச்ச நீதிமன்றம் வெளியிடும் தமிழ் மொழிபெயர்ப்புகள் கட்சிக்காரருக்கு விஷயம் புரிய உதவும். நீதிமன்றத்தில் செல்லுவது ஆங்கில மூலம்தான். மேல்முறையீட்டுக்கு எந்தத் தளத்தின் அச்சுப்படியும் சான்றிட்ட நகலுக்கு ஈடாகாது. அதற்கு நகல் மனு போட்டே ஆக வேண்டும்.