24 வகுப்பு, 7 சிந்தனையாளர்கள், ஒரு வாத்தியார்

தொலைதூரக் கல்வியில் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கியவன் நான். படித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கினேன், அவ்வளவுதான். பிளேட்டோ என்றால் தத்துவ அரசர், ஹாப்ஸ் என்றால் சமூக ஒப்பந்தம் என்று ஆளுக்கு ஒரு வரி உருப்போட்டுத் தேறிவிட்டேன். மூலநூல் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. பதினைந்து வருஷம் கழித்து அந்த உறுத்தலில்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அரசியல் தத்துவ அறிமுக வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

நடத்துபவர் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்மித். 1984-ல் யேலுக்கு வந்தவர். 2006-ல் மாணவர்களுக்கு அவர் எடுத்த வகுப்பை அப்படியே படம்பிடித்திருக்கிறார்கள். 24 விரிவுரைகள். பிளேட்டோவில் ஆரம்பித்து அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், ரூசோ வழியாக டோக்வில்லில் வந்து நிற்கும். காணொளி, ஒலி, எழுத்து வடிவம் மூன்றும் உண்டு. நான் பாதியைப் பாத்திரம் கழுவிக்கொண்டே காதால் கேட்டேன். அது தப்பு, ஏனென்று சொல்கிறேன்.

இவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் எடுப்பவர். ஒரு பத்தியைப் படிப்பார், பிரிப்பார், மறுபடி படிப்பார். பிளேட்டோவுக்கு 473 என்பது போல எண் சொல்வார். என்னிடம் இருந்த 'குடியரசு' பிரதியில் மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் பக்கம்தான். ஏதோ குறைப்பதிப்பை வாங்கிவிட்டோம் என்று இரண்டு நாள் நொந்துபோயிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், ஓரத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கின்றன. 1578-ல் வெளிவந்த ஒரு பதிப்பின் பக்க எண்கள் அவை. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் அதே எண்ணில் அதே வரி இருக்கும். நான் மனப்பாடம் செய்த தத்துவ அரசர், அதாவது தத்துவம் அறிந்தவரே ஆள வேண்டும் என்ற கருத்து, 473-ல்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டம் வாங்கியவனுக்கு இது தெரியவில்லை!

பிளேட்டோவின் குரு சாக்ரடீஸின் விசாரணைக்கும் சிறைவாசத்துக்கும் மட்டும் இரண்டு வகுப்பு. முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று சாக்ரடீஸே சொல்லும் இடம் இருக்கிறது. அதுவரை அவரை ஊரே சேர்ந்து கொன்றதாகத்தான் நினைத்திருந்தேன். கேட்கக் கேட்க, ஏதென்ஸ்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

ஆங்கிலத்தில் ஸ்மித் அடிக்கடி சொல்லும் சொல் ரெஜீம். நோட்டில் 'ஆட்சிமுறை' என்று எழுதினேன். நாலாவது வகுப்பில் அடித்தேன். யார் ஆள்கிறார்கள் என்பது மட்டும் அதற்குள் இல்லை. அந்த ஊர் யாரை மதிக்கிறது, எதற்கு வெட்கப்படுகிறது, பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒற்றைத் தமிழ்ச் சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஹாப்ஸுக்கு மூன்று வகுப்பு, அவைதான் உச்சம். 1651-ல் வந்த 'லெவியதான்' நூலின் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மன்னனின் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி மனிதர்கள், எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கிறார்கள். காதால் மட்டும் கேட்டிருந்தால் இதைத் தேடியே இருக்க மாட்டேன்.

மாணவர் எதிரே நின்று பாடம் சொல்வதைப் பல்கலைக்கழகங்கள் இரண்டாம்பட்சமாகத்தான் வைத்திருக்கின்றன, ஆய்வுக் கட்டுரைக்குத்தான் மவுசு. ஸ்பினோசா என்ற தத்துவ அறிஞரைப் பற்றியெல்லாம் நூல் எழுதியவர்தான் ஸ்மித்தும். ஆனாலும் முதலாண்டுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை ஒவ்வொரு வகுப்பிலும் தெரிகிறது. 2009-ல் கற்பித்தலுக்கான பரிசை யேல் இவருக்குக் கொடுத்திருக்கிறது. இந்த விரிவுரைகளே 2012-ல் புத்தகமாகவும் வந்தன. ஆனால் நூலை விட வகுப்புதான் எனக்குப் பிடித்தது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி அவர் யோசிப்பது அச்சில் வராதே.

குறை உண்டா? சான்றிதழ் கிடையாது, எனக்கு அது வேண்டியதில்லை. வளாகத்து மாணவர்களுக்கு வாராவாரம் சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் நேரம் உண்டு, நமக்கு இல்லை. அதற்காக ஐந்தில் அரை மதிப்பெண் குறைக்கிறேன். ஒரு நண்பரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் அதையும் சரிக்கட்டிவிடலாம்.

லாக் எனக்கு வேகமாக ஓடிவிட்டார். ரூசோவில் தடுக்கி விழுந்தேன், பாதியில் விட்டுவிட்டு டோக்வில்லுக்குத் தாவிவிட்டேன். இப்போது திரும்பி வந்து 18-ம் வகுப்பில் நிற்கிறேன், புத்தகத்தோடு.